ஐபிவி6-ஐ ‘இக்னோர்’ என்று வைத்தும் எஸ்எஸ்எச் இணைப்பு இரண்டு நிமிடம் தாமதமாவது ஏன்?

நூற்கண்டு (கேள்வி):

வணக்கம். எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் சுபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய மேசைக்கணினிகள் ஒரு ஸ்விட்ச் வழியாக ஃபைபர் ரவுட்டருடன் இணைக்கப்பட்டுள்ளன. மடிக்கணினிகள் அதே ரவுட்டரின் வைஃபையில் இயங்குகின்றன. சில நாள்களில் மேசைக்கணினியிலிருந்து எங்கள் வாடகை சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியைக் கட்டளைகளால் இயக்கும் முறை) மூலம் நுழைய முயன்றால், கடவுச்சொல் கேட்கும் வரிகூட வராமல் திரை இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. பிறகு எதுவுமே நடக்காததுபோல் இணைப்பு கிடைத்துவிடுகிறது. அதே வேளையில் அதே கணினியின் பிரவுசரில் எல்லாத் தளங்களும் உடனுக்குடன் திறக்கின்றன. மடிக்கணினிகளில் இந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை.

எஸ்எஸ்எச் கட்டளையை விவரம் காட்டும்படி இயக்கிப் பார்த்தபோது, அது முதலில் சர்வரின் ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) முகவரிக்கு முயன்று, நேரம் கடந்துவிட்டது என்று அறிவித்த பிறகே ஐபிவி4 (பழைய பதிப்பு) முகவரிக்குச் செல்வது தெரிந்தது. ஆகவே வலையமைப்பு இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரலின் இணைப்புத் திருத்தியில் ஐபிவி6 பகுதியை ‘ஆட்டோமேட்டிக்’ என்பதிலிருந்து ‘இக்னோர்’ என்று மாற்றி, இணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுத்தேன். அன்று சரியாகிவிட்டது, ஆனால் சில நாள்கள் கழித்து மீண்டும் அதே தாமதம். ‘இக்னோர்’ என்றால் அணைப்பது ஆகாதா? யாரும் கேட்காமலேயே ஐபிவி6-ஐ இயங்குதளங்கள் இயல்பிருப்பாக ஏன் முன்னால் வைக்கின்றன?

நள்ளிரவு_முனையம் (மறுமொழி):

‘இக்னோர்’ என்பதற்கு அணைப்பது என்று பொருளில்லை. ‘இந்த இணைப்பின் ஐபிவி6 விஷயத்தில் நெட்வொர்க்மேனேஜர் தலையிடாது’ என்பது மட்டுமே அதன் பொருள். நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொண்டால் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் தன் வழக்கப்படி நடக்கும். அதாவது ரவுட்டர் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பைக் கேட்டு, அதிலுள்ள முன்னொட்டைக் (முகவரியின் முற்பகுதி) கொண்டு தானாகவே ஒரு முகவரியை அமைத்துக்கொள்ளும். உண்மையில் அணைக்க வேண்டுமானால் ‘டிஸேபிள்ட்’ என்ற தேர்வு வேண்டும். அது நெட்வொர்க்மேனேஜரின் 1.20 பதிப்பில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கட்டுரைகள் எல்லாம் ‘இக்னோர்’ என்றே சொல்லிக்கொடுத்துப் பலரையும் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

ஐபிவி6 முன்னால் நிற்பது நெட்வொர்க்மேனேஜரின் முடிவும் அன்று. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருந்தால் எதை முதலில் முயல்வது என்பதற்கான முன்னுரிமை அட்டவணை 2012-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6724 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் உள்ளது. அதில் பொதுவான ஐபிவி6 முகவரிகளுக்கு 40, ஐபிவி4-க்கு 35. கணினியிடம் உலகளாவிய ஐபிவி6 முகவரியும் வெளியே செல்லும் வழியும் இருப்பதாகத் தெரிந்தால் ஐபிவி6 முதலில் வரும். அந்த வழி உண்மையில் ஊர் போய்ச் சேருகிறதா என்று அட்டவணை பார்ப்பதில்லை.

பிரவுசர்கள் தப்பிப்பதற்கு வேறு காரணம் உண்டு. முதல் முயற்சிக்கு உடனே பதில் வராவிட்டால் காத்திருக்காமல் அடுத்த முகவரிக்கும் இணையாக முயலும் முறையை அவை கையாளுகின்றன. 2017-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 8305 அதற்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிவிநாடி, கண்ணுக்குத் தெரியாத தாமதம். எஸ்எஸ்எச் அப்படிச் செய்வதில்லை. ஒரு முகவரி முற்றிலும் தோற்ற பிறகுதான் அடுத்ததற்குச் செல்லும். லினக்ஸில் இணைப்புக் கோரிக்கையை ஆறு முறை திருப்பி அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிடுவதற்கு, கர்னல் பதிப்பைப் பொறுத்துச் சற்றுக் கூடக் குறைய, 127 விநாடி பிடிக்கும். உங்கள் இரண்டு நிமிடக் கணக்கு இதுதான்.

ஆனால் இணைப்பைத் துண்டித்துக் கொடுத்தவுடன் சரியாகிச் சில நாளில் திரும்பி வருகிறது என்கிறீர்களே, அதனால் அணைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அடுத்த முறை தாமதம் வரும்போது மேசைக்கணினியின் ஐபிவி6 முகவரிப் பட்டியலை எடுத்து, எத்தனை முன்னொட்டுகள் தெரிகின்றன என்று எழுதுங்கள்.

நூற்கண்டு:

இன்று காலை தாமதம் வந்தபோது பார்த்தேன். ‘எஃப்இ80’ என்று தொடங்கும் உள்முகவரியைத் தவிர உலகளாவிய முகவரிகள் இரண்டு முன்னொட்டுகளில் இருந்தன. முதல் இரண்டு தொகுதிகள் ஒன்றுபோலவும், மூன்றாவதும் நான்காவதும் வேறாகவும் இருந்தன. இரண்டுமே நடப்பில் உள்ளவையாகவே காட்டப்பட்டன. ஒன்றில் மட்டும் எஞ்சிய விநாடிகள் குறைந்துகொண்டே போயின, மற்றொன்று சிறிது நேரத்துக்கு ஒருமுறை முழு அளவுக்குத் திரும்பியது. நேற்று மாலை அரை மணி நேரம் மின்சாரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணினிகளும் ஸ்விட்ச்சும் யுபிஎஸ்ஸில் உள்ளன, ரவுட்டர் இல்லை.

செப்புக்கம்பி:

விஷயம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. மின்சாரம் போனதும் ரவுட்டர் அணைந்தது. திரும்பி எழுந்தபோது சேவை நிறுவனம் அதற்குப் புதிய முன்னொட்டு ஒன்றைக் கொடுத்தது. ரவுட்டர் நேரடியாகக் கணினியுடன் இணைந்திருந்தால் கேபிளில் உயிர் போய்விட்டதைக் கண்டு நெட்வொர்க்மேனேஜர் இணைப்பை இறக்கி, பழைய முகவரிகளையும் அகற்றியிருக்கும். மடிக்கணினிகளில் வைஃபை அறுந்து மீண்டும் சேர்வதால் அதுதான் நடக்கிறது. உங்கள் மேசைக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் யுபிஎஸ்ஸில் விழித்திருக்கும் ஸ்விட்ச் இருப்பதால் கணினியின் போர்ட்டில் விளக்கு அணையவே இல்லை. செத்துப்போன முகவரியைக் கணினி இன்னும் தன்னுடையதாகவே வைத்திருக்கிறது. அந்த முகவரியை அனுப்புநராகப் போட்டு வெளியே செல்லும் பொட்டலத்துக்குப் பதில் உங்களிடம் திரும்ப வராது. ரவுட்டரின் உள்முகவரி முன்போலவே இருப்பதால், எந்த முன்னொட்டு இன்றும் செல்லும் என்று கணினியால் பிரித்தறியவும் முடிவதில்லை.

இதை விரிவாக ஆராயும் ஆர்எஃப்சி 8978 2021-இல் வெளியானது. சிக்கலின் வேர் ரவுட்டர் அறிவிப்பின் இயல்பிருப்புக் கால அளவுகளில் உள்ளது: நெறிமுறையின்படி ஒரு முன்னொட்டு 7 நாள்கள் விரும்பத்தக்கதாகவும் (புதிய இணைப்புகளுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது) 30 நாள்கள் செல்லுபடியாகவும் இருக்கும். முன்னொட்டு மாறவே மாறாது என்று நம்பிய காலத்தின் எண்கள் அவை. அதே ஆண்டின் ஆர்எஃப்சி 9096, வீட்டு ரவுட்டர்கள் இவற்றை 45 நிமிடம், 90 நிமிடம் என்று குறைக்க வேண்டும் என்றும், முன்பு கொடுத்த முன்னொட்டை நினைவில் வைத்திருந்து, மீண்டும் எழுந்தவுடன் ‘இது இனி ஆகாது’ என்று அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை ரவுட்டர்கள் கேட்கின்றன என்பது வேறு கதை.

என் கருத்தில் முதல் மருந்து ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுவது. அது இழுக்கும் மின்சாரம் உங்கள் கணினித் திரைகள் இழுப்பதில் ஒரு சிறு பங்குதான். சேவை நிறுவனத்தின் பக்கத்தில் இணைப்பு அறுந்து முன்னொட்டு மாறினால் இது போதாது என்பதால், ரவுட்டரின் ஐபிவி6 லேன் பக்கத்தில் கால அளவுகளை மாற்ற இடமிருக்கிறதா என்றும் பாருங்கள். இடமில்லையென்றால் ‘ஈடிசி’ அடைவிலுள்ள ‘ஜிஏஐ.கான்ஃப்’ கோப்பில் ஐபிவி4-க்கு 100 என்று முன்னுரிமை கொடுக்கும் வரி குறிப்பாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதன் முன்னுள்ள குறியை நீக்கினால் எஸ்எஸ்எச் ஐபிவி4-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும், ஐபிவி6-உம் உயிரோடு இருக்கும். இணைப்புத் திருத்தியில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதையே திரும்ப வைத்துவிடுங்கள்.

கணக்கர்_மேசை:

இதே அமைப்பில் எங்களிடம் விண்டோஸ் கணினிகள் உள்ளன என்பதால் ஒரு குறிப்பு. எக்ஸ்பி காலத்தில் ஐபிவி6-ஐத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. விஸ்டா முதல் அது இயல்பிருப்பாகவே இயங்குகிறது. நெட்வொர்க் அட்டையின் பண்புகளில் ஆறாம் பதிப்புக்கு எதிரே உள்ள டிக்கை எடுப்பதே பலரும் செய்யும் வேலை. அது அந்த அட்டைக்கு மட்டுமே பொருந்தும்; டனல் இடைமுகங்களும் (ஒரு வலையமைப்புக்குள் மற்றொன்றைச் செலுத்தும் சுரங்க இணைப்புகள்) லூப்பேக்கும் (கணினி தன்னுடனேயே பேசும் இடைமுகம்) அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் ‘டிசிபிஐபி6’ சேவையின் அளவுருக்களில் ‘டிஸேபிள்ட்கம்போனென்ட்ஸ்’ என்ற மதிப்பைப் பதினாறடிமான எண்ணாக 20 என்று வைத்து, அதாவது தசமத்தில் 32, கணினியை மறுதொடக்கம் செய்தால் ஐபிவி4 முன்னுரிமை பெறும். முழுவதும் அணைப்பதைவிட இதையே மைக்ரோசாஃப்ட்டும் பரிந்துரைக்கிறது.

‘அணைக்கவே கூடாது’ என்ற பொதுவிதியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஐபிவி4-ஐ மட்டும் சுமக்கும் விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் தனிச் சுரங்க இணைப்பு) வழியாக வாடிக்கையாளரின் வலையமைப்புக்குள் செல்பவர் கணினியில் ஐபிவி6 திறந்திருந்தால், ஐபிவி6 முகவரியுள்ள தளங்களுக்கான போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியே நேராகப் போய்விடக்கூடும். விபிஎன் நிரலே அதைத் தடுக்காத நிலையில், அந்த ஒரு கணினியில் ‘டிஸேபிள்ட்’ வைப்பது நியாயமான முடிவு.

நூற்கண்டு:

ரவுட்டரை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டேன். ரவுட்டர் பக்கத்தில் கால அளவுகள் தெரிகின்றன, ஆனால் சாம்பல் நிறத்தில் பூட்டப்பட்டுள்ளன. ஆகவே மேசைக்கணினிகளில் ‘ஜிஏஐ.கான்ஃப்’ வரியின் குறியையும் நீக்கி, ஐபிவி6-ஐ மீண்டும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைத்துள்ளேன். பழைய முன்னொட்டு இன்னும் பட்டியலில் இருக்கும்போதே எஸ்எஸ்எச் உடனே இணைகிறது. விபிஎன் பயன்படுத்தும் கணினி எங்களிடம் ஒன்று உண்டு, அதை மட்டும் தனியே பார்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.