1959 மொறிஸ் மைனருக்கு இங்கிலாந்திலிருந்து பிறேக் சாமான்: எந்தப் பட்டியலில் எடுப்பது?

சுன்னாகம் மைனர்:
வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. நான்கு கதவு; பதிவுப் புத்தகத்தில் 1959. பிறேக்கை மிதித்தால் முதல் தரம் தரைவரை போகிறது, இரண்டு மூன்று தரம் அடித்தால்தான் பிடிக்கிறது. முன் இடது சில்லின் உட்பக்கம் பிறேக் ஒயில் கசிந்து டயர் நனைந்திருக்கிறது. ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அம்மாவை ஏற்றிச் செல்லும் கார் என்பதால் அரைகுறை வேலைக்கு மனம் இடம் தரவில்லை.

யாழ்ப்பாணக் கடைகளில் எனக்குக் காட்டிய சிலிண்டர்களில் செய்தவர் பெயரும் இல்லை, அளவும் இல்லை. ஆகவே இங்கிலாந்தில் மைனர் சாமான் விற்கும் இணையக் கடையைப் பார்த்தேன். அங்கே 1962க்கு முன், பின் என இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. என் காரில் இருப்பதோ அப்பா காலத்தில் மாற்றிய 1098 சிசி இஞ்சின். எந்தப் பட்டியலில் எடுப்பது? சில்லோடு சுற்றும் டிரம், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ, ஷூவைத் தள்ளும் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகவே தருவிக்கலாமா?

கொக்குவில் பழைய கராச்:
தம்பி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முன் சில்லுகளைக் கழற்றுங்கள். 1962இல் 1098 சிசி இஞ்சின் வந்தபோதுதான் முன் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது. பின் டிரம் 7 அங்குலமாகவே நின்றது. ஆனால் நம் ஊர்க் கார்களை ஆண்டு கணக்கில் நம்ப முடியாது. பெற்றோல் தடைப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், உடைந்த காரில் கிடைத்ததை ஓடுகிற காருக்குப் பூட்டித்தான் இவற்றை உயிரோடு வைத்திருந்தோம். உங்கள் இஞ்சின் தனியாக வந்ததா, முன் பிறேக்கையும் கூட்டிக்கொண்டு வந்ததா என்பதை டிரம்தான் சொல்லும். உள்விட்டத்தை அளந்து பாருங்கள்: 178 மில்லிமீற்றருக்கு அருகில் என்றால் 7 அங்குலம், 203க்கு அருகில் என்றால் 8. தேய்ந்த டிரம் சற்றுக் கூடக் காட்டும். இடம், வலம் இரண்டையும் அளக்க வேண்டும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள்.

முன்னுக்கு ஒரு சில்லுக்கு இரண்டு சிலிண்டர், ஆக நான்கு. பின்னுக்கு ஒவ்வொன்று. றப்பர்க் குழாய் மூன்று. அவற்றையும் கட்டாயம் எடுங்கள். பழைய குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாது. பிறேக் பிடித்தபடியே நிற்கும்.

டிரம் தருவிக்க வேண்டாம். அது வார்ப்பிரும்பு, அனுப்பும் கூலியே விலையைத் தாண்டிவிடும். வெடிப்பு இல்லாமல், கனமும் போதுமானதாக இருந்தால் இங்கேயே லேத்தில் பிடித்துச் சமப்படுத்தலாம். ஷூவின் இரும்பு நன்றாக இருந்தால் அதன்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனரை மட்டும் இங்கேயே புதிதாக ஒட்டுவிக்கலாம்.

இன்னொன்று. பழைய லைனரில் கல்நார் இருக்கக்கூடும். கராச்சில் கொம்பிரசரால் தூசியை ஊத விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். எங்கள் தலைமுறை அந்தத் தூசிக்குள்ளேயே நின்று வேலை செய்தது. நீங்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை.

லெஸ்டர் தமிழன்:
நானும் இங்கே இங்கிலாந்தில் ஒரு மைனர் வைத்திருக்கிறேன். ஐயா சொன்ன ஷூ விடயத்தில் ஒரு சேர்க்கை: இங்குள்ள கடைகள் பலவற்றில் ஷூ விலையோடு வைப்புப் பணமும் சேர்த்து வாங்குவார்கள். பழைய ஷூவைத் திருப்பி அனுப்பினால்தான் அது கிடைக்கும். இலங்கையிலிருந்து அனுப்பும் கூலியைப் பார்த்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

‘பிரிக்காத பழைய பெட்டி, அசல் சாமான்’ என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். பெட்டி பிரிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் றப்பர் முதுமை அடைந்திருக்கும். பிறேக்கில் நான் புதிதாகச் செய்ததைத்தான் வாங்குவேன். கழற்றிய சிலிண்டரை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பணம் கட்டும் முன்பே கடைக்கு அனுப்புங்கள். மைனரையே தொழிலாகக் கொண்டவர்கள் என்றால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பதில் தராத கடையை விட்டுவிடலாம்.

பிறேக் ஒயிலை அங்கேயே வாங்குங்கள்: முத்திரை உடையாத டொட் 4 டின். டொட் 5 சிலிக்கோன் வகை. அதை இதனுடன் கலக்கவே கூடாது.

சுன்னாகம் மைனர்:
இருவருக்கும் நன்றி. கழற்றி அளந்துவிட்டேன். முன் இரண்டும் 203க்குச் சற்று மேல், பின் இரண்டும் 178. ஆக 1959 காரில் 1962க்குப் பிந்திய முன் பிறேக் இருக்கிறது! சிலிண்டர் ஆறு, குழாய் மூன்று என்று எழுதி, படங்களுடன் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். மிதித்ததும் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்க்கவா?

கொக்குவில் பழைய கராச்:
சேர்த்துவிடுங்கள். சில்லுகளில் புது றப்பர் போட்டபின், அடுத்துக் கசிவது பழைய மாஸ்டர் சிலிண்டராக இருக்கலாம். அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கிறது. முன் சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்பதால் அதன் போல்டுகளை முழுதாக இழுக்க முடியாது. பாரைச் சற்று விலக்க வேண்டும். அந்த பார் முறுக்கேறி நிற்கும் சாமான். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். பெட்டி வந்ததும் எழுதுங்கள், நான் வருகிறேன்.