யூ வில், தேக்குக் கட்டை: ரூன்ஸ்கேப் மரங்களை நேரில் பார்த்தவங்க சொல்லுங்க

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
படிவம் இரண்டு படிக்கும்போது, டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சைபர் கஃபேயில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் மரம் வெட்டினவன் நான். ஓக் வெட்ட 15ஆம் லெவல், வில்லோவுக்கு 30, மேப்பிளுக்கு 45, யூவுக்கு 60, மேஜிக்குக்கு 75. கட்டையைச் செதுக்கினால் அந்த மரத்தின் பேரிலேயே வில் வரும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான், நிறம்தான் மாறும். ஆனால் யூ வில் வைத்திருந்தால் பெரிய அண்ணன்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு எட்டிப் பார்ப்பார்கள். மேஜிக் மரம் மாதிரி யூவும் அவர்கள் இட்டுக்கட்டினது என்றே ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது நிஜத்தில் தொட்டிருக்கீங்களா?

செந்தூல்வாசி:
தொட்டிருக்கேன். இங்கிலாந்தில் படித்தபோது ஒரு பழைய தேவாலயத்துக் கல்லறைகளுக்கு நடுவே நின்றது. கரும்பச்சை இலை, குட்டிக் கிண்ணம் போல சிவப்புப் பழம். பறிக்கப் போனேன், கூட வந்தவன் கையைத் தட்டிவிட்டான். சிவப்புச் சதையைத் தவிர இலை, விதை எல்லாமே விஷமாம். அப்போதுதான் உறைத்தது: விளையாட்டில் சீர்ஸ் கிராமத்திலும் யூ மரங்கள் தேவாலயத்தை ஒட்டித்தான் நிற்கும்! விளையாட்டை உருவாக்கிய ஜாகெக்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜ்காரர்கள், ஊரில் பார்த்ததை அப்படியே வைத்துவிட்டார்கள்.

அப்புறம் போர்ட்ஸ்மவுத்தில் மேரி ரோஸ் என்ற பழைய இங்கிலாந்துப் போர்க்கப்பலைப் பார்த்தேன். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கினது. அதில் கிடைத்த யூ வில்கள் மட்டும் நூற்றுக்கு மேல், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். வெளுத்த வெளிமரம் எதிரியைப் பார்த்த பக்கம், சிவந்த வைரம், அதாவது உள்மரம், வில்லாளியைப் பார்த்த பக்கம். வெளிமரம் இழுவையைத் தாங்கும், வைரம் அமுக்கத்தைத் தாங்கும். ஒட்டுப்போடாமல் ஒரே மரத்திலேயே இரண்டும் கிடைக்கிறது. விளையாட்டில் யூ ஏன் அவ்வளவு மேல் லெவலில் இருக்கிறது என்று அங்கேதான் புரிந்தது.

பினாங்கு தச்சன் மகன்:
எங்கப்பா பட்டர்வொர்த்தில் நாற்பது வருஷம் மர வேலை. ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வில்லோன்னா கிரிக்கெட் மட்டை மரம்தானே? அது எப்படிடா ஓக்குக்கு மேல போச்சு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இதை விளையாட்டின் தப்பு என்றே நானும் சொல்வேன்.

ஆனால் ரூன்ஸ்கேப்பின் பழைய பாணிப் பதிப்பான ஓல்ட் ஸ்கூலில் தேக்கு வில் கிடையாது, கவனிச்சீங்களா? வில் வேலையில் தேக்கும் மஹோகனியும் குறுக்குவில்லின் அடிக்கட்டைக்குத்தான் போகும். இரும்பைவிட ஒரு படி மேலான எஃகு வில்லுக்குத் தேக்கு, அடமன்ட் என்ற விளையாட்டு உலோகத்துக்கு மஹோகனி. அப்பாவிடம் சொன்னேன். "சரிதான். கட்டை வளைய வேணாம், மழையில கோணாம இருந்தா போதும். அதுக்குத் தேக்குதான்" என்றார். தென்னமெரிக்கப் பக்கத்து மஹோகனியும் நம்ம பக்கத்துத் தேக்கும் விளையாட்டின் கரம்ஜா தீவில் ஒரே தோப்பில் நிற்பதைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தேத்தாரே குடிக்கப் போய்விட்டார்.

கெப்போங் அக்கா:
நான் யூ மரத்தைப் பார்த்ததில்லை தம்பி. ஆனால் எங்க வீட்டுக்குள் வந்தது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சொட்டு மருந்துப் பையில் பாக்லிடாக்சல் என்று எழுதியிருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், போனை நோண்டிக்கொண்டே அது எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். முதலில் அதைப் பிரித்தெடுத்தது பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து. பிரிட்டிஷ் யூவின் தங்கச்சி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கே நிறைய பட்டை வேண்டும், உரித்தால் மரம் செத்துப்போகும். அதனால் பிறகு யூ இலையிலிருந்து எடுத்த பொருளை வைத்துச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

தம்பி மாதிரி நானும் ஒரு காலத்தில் விளையாட்டில் எட்ஜ்வில் ஊர்ப் பக்கம் இராத்திரி முழுக்க யூ வெட்டினவள். அம்மாவிடம் சொன்னேன், "இந்த மரத்தைத்தாம்மா கம்ப்யூட்டர்ல வெட்டுவேன், நீங்க திட்டுவீங்களே."

அம்மா பையை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை வெட்டியிருப்ப?"

"ஆயிரக்கணக்குல."

"அப்ப ஒழுங்காப் பரீட்சைக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.