நீர்வண்ணப் படங்களை மாட்டத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூரில் எங்கள் பள்ளியில் மாதம் ஒன்றாக மூன்று சின்னக் கண்காட்சிகள் வைக்கப் போகிறோம். முதலில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம், ரோமானியச் சாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்த ஊர். பிள்ளைகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் வரைய வைத்து, அந்தப் படங்களையே மாட்டலாம் என்று ஆசை. இதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அடுத்தது வில்லியனூர் சுடுமண் பொம்மைகள், அதற்கு ஆள் கிடைத்துவிட்டார்.

கவலையெல்லாம் மூன்றாவதில்தான். ஒரு பெரியவர், தன் அப்பா வரைந்த கெடிலம் ஆற்று நீர்வண்ணப் படங்கள் பன்னிரண்டை எங்களை நம்பிக் கொடுக்கிறார். அவரிடம் மிச்சமிருப்பதே அவ்வளவுதான். நீர்வண்ணத்தில் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பார்கள், வெளுத்த நிறம் திரும்பி வராது. எங்கள் கூடத்திலோ மேற்கே பெரிய சன்னல், கடல் ஈரக்காற்று வேறு.

லக்ஸ் மீட்டர் இரண்டு நாள் இரவல் தர முடியுமா? அப்புறம், சட்டம் போட அமிலமில்லாத அட்டை புதுச்சேரியில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஓவியம் பாதுகாக்கும் வேலை தெரிந்தவர் ஒருமுறை வந்து கூடத்தைப் பார்த்தால் பெரிய உதவி, போக்குவரத்துச் செலவு எங்களுடையது.