பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுமா?

மதுரை டீச்சர்:
அடுத்த மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். விமான நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல், நந்தி வளர்ந்துகொண்டே போனது என்றெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இதில் எதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்?

மேலவீதிக்காரன்:
டீச்சர், மூன்றையுமே விட்டுவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை விமானத்துக்குப் பின்னால் மேற்குப் பிராகாரத்தில் நிற்க வையுங்கள். நிழலில்தான் நிற்பார்கள். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சில நாள் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். அப்போது மேல்நிலைகளின் நிழல், அகலமான கீழ்நிலைகள் மேலேயே விழுந்துவிடும். டிசம்பரில் அதே நண்பகலில் வடக்கே தரையில் விழும்.

உச்சிக் கல்லும் ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்ற கதையே அந்த ஒற்றைக் கல்லை நம்பித்தான் நிற்கிறது. இப்போதுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

சோழ ரசிகன்:
நிழல் விழாது என்று சொன்னால்தானே பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள்? கதையையும் எடுத்துவிட்டால் கல்தானே மிச்சம்?

மேலவீதிக்காரன்:
தம்பி, அந்தக் கல்லில் எழுத்து இருக்கிறதே! இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே ஊர் மறந்திருந்தது. தலபுராணம் கரிகாலன் என்றது. 1886இல் ஜெர்மன் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்று உறுதியானது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் தெரியவில்லை.

"நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்கிறான் அரசன். அக்கன் என்றால் குந்தவை. தன் கொடைக்கு அடுத்தபடியாக அக்காவின் கொடையைச் சொல்கிறான், பாருங்கள். வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற தலைமைச் சிற்பியின் பெயரும் இருக்கிறது. கட்டியது யார் என்று பிள்ளைகள் கேட்டால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள். திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் (தெருவின் வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்திக்கும் வெட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தந்த ஒரு பங்கு வருஷத்துக்கு 100 கலம் (பழைய தானிய அளவு) நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆடிப் பிழைத்த ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் வேறு எங்கே கிடைக்கும்? நிழலைத் தேடி அண்ணாந்து பார்த்துவிட்டு இந்தச் சுவரைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

மதுரை டீச்சர்:
சரி சார், எட்டு மணிக்கே வந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அந்த எழுத்து புரியுமா?

மேலவீதிக்காரன்:
முழுசாகப் புரியாது. ஆனால் ட, ப, ம, ர போன்றவை இன்றைய எழுத்துக்குக் கிட்டத்தட்ட வரும். விமானத்தின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கண் உயரத்திலேயே வரிகள் ஓடுகின்றன. தொடாமல், ஆளுக்கொரு எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலைச் சாய்வெயிலில் வெட்டு நன்றாகத் தெரியும்.