ஃபாரெவர் ஈவில்: இத்தனை வில்லன்களை வைத்துக்கொண்டு இவ்வளவுதானா?

மைக்கூடு:
டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் ஃபாரெவர் ஈவில் ஏழு இதழ்களையும் மறுபடி படித்தேன். 2013 செப்டம்பரில் தொடங்கி 2014 மே வரை வந்த தொடர், எழுத்து ஜெஃப் ஜான்ஸ், ஓவியம் டேவிட் ஃபிஞ்ச். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: எர்த்-3 என்கிற இன்னொரு உலகத்திலிருந்து, சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் இருக்கிற ஜஸ்டிஸ் லீகின் கெட்ட நகல்களான கிரைம் சிண்டிகேட் வந்து இறங்குகிறது, ஹீரோக்கள் மாட்டிக்கொள்கிறார்கள், வேறு வழியில்லாமல் நம் உலகத்து வில்லன்கள், சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர், கேப்டன் கோல்ட், பிளாக் மான்டா, பிளாக் ஆடம், சினெஸ்ட்ரோ, பிசாரோ எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

கரு என்னவோ அருமைதான். முதுகைக் காட்டினால் குத்திவிடுவான் என்று தெரிந்தும் பக்கத்திலேயே நின்று சண்டை போடவேண்டிய ஆட்கள், அவர்கள் பேசினால் எப்படி இருக்க வேண்டும்! ஆனால் இங்கே யாருமே யாரோடும் பேசுவதில்லை, அறிக்கை விடுகிறார்கள். நான் வலியவன், நீ பலவீனன், பயப்படு. சிண்டிகேட்டின் சூப்பர்மேன் நகலான அல்ட்ராமேன் பேசினாலும் இதே, சினெஸ்ட்ரோ பேசினாலும் இதே, பேச்சுப் பலூனின் வாலை மறைத்துவிட்டால் பேசியது யார் என்று சொல்லவே முடியாது. ஓவியம் அதற்கு மேல். எல்லா முகத்திலும் நெரித்த பல், எல்லா உடம்பிலும் கோடு கோடு கோடு, பக்கம் முழுக்க இருட்டு. கூட்டணி முதல்முறை சேர்ந்து நிற்கிற காட்சிகூட கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரிதான், எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், ஒருத்தரும் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பதில்லை.

லூதர் ரசிகன்:
தொடக்கத்தையே மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் நண்பரே. முதல் இதழில் லூதர் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து தாமஸ் கோர்டை மிரட்டுகிற இடம், குரலே உயரவில்லை, குடும்பத்தைப் பற்றிச் சாதாரணமாகப் பேசியே அந்த மனிதனின் கம்பெனியைப் பிடுங்கப் பார்க்கிறான். அடுத்த நிமிடம் ஊரே இருண்டு ஹெலிகாப்டர் விழுகிறது. அது நல்ல வசனம் இல்லை என்றால் எது நல்ல வசனம்?

அப்புறம் ஓவியம் இருட்டு என்கிறீர்கள். அல்ட்ராமேன் நிலாவையே தள்ளிக்கொண்டு வந்து சூரியனை மறைத்துவிடுகிறான், கதை முழுக்க கிரகணத்தில் நடக்கிறது, பளிச்சென்று மஞ்சள் நீலத்திலா வரைவார்கள்? அவன் கிரிப்டோனைட் கல்லைக் கையிலேயே நொறுக்கி அந்தப் பொடியை மூக்கில் இழுக்கிற கட்டத்தை எடுத்துப் பாருங்கள். சூப்பர்மேனைக் கொல்கிற பொருள் இவனுக்குப் போதை. ஒரு பக்கம் வசனம் எழுதி விளக்கவேண்டியதை ஃபிஞ்ச் ஒரே முகத்தில் காட்டியிருக்கிறார்.

கட்டம்கட்டி:
இருட்டுக்கும் கலங்கலுக்கும் வித்தியாசம் உண்டு சார். இருட்டில் வரைவது ஒரு கலை, அதில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே ஃபிஞ்ச் பென்சிலிலேயே நிழலுக்கு நூறு கோடு போடுகிறார், ரிச்சர்ட் ஃப்ரெண்ட் அத்தனைக்கும் மை ஏற்றுகிறார், அதன்மேல் நிறமும் பழுப்பும் சாம்பலுமாக இறங்குகிறது. முன்னால் நிற்பவனும் பின்னால் இடிந்துகிடக்கிற கட்டிடமும் ஒரே கனம். கண் எங்கே போய் நிற்பது? சண்டைக் காட்சியில் யார் எந்தப் பக்கமிருந்து அடித்தான் என்று இரண்டு தடவை பார்க்கவேண்டியிருக்கிறது.

ஃபிஞ்சுக்கு வரையத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2006 மூன் நைட்டில் இதே கோடுகள்தான், அங்கே ஒரே ஒரு ஆள், ஒரு கூரை, வெள்ளை அங்கி, கறுப்பு வானம், அதனால் எடுபட்டது. முப்பது பேர் நிற்கிற கதைக்கு இவர் சரியான ஆள் இல்லை. அதிலும் ஏப்ரலில் வரவேண்டிய கடைசி இதழ் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, இவ்வளவு கோடு போட்டால் தள்ளிப்போகாமல் என்ன செய்யும்.

பழைய லயன்:
வில்லன் தன்னைப் பற்றிப் பெருமை பேசுவது ஒன்றும் புதுக் குற்றம் இல்லை தம்பி. லயன் காமிக்ஸில் குற்றச்சக்கரவர்த்தி ஸ்பைடரைப் படித்து வளர்ந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஸ்பைடருக்குத் தற்பெருமைதான் சோறு. அந்த பிரிட்டிஷ் தொடரில் பல கதைகளை எழுதிய ஜெர்ரி சீகல்தான் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து 1940இல் லூதரையும் உருவாக்கியவர், ஆக இந்த வாய்ச்சவடால் எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு.

ஆனால் ஒன்று, ஸ்பைடர் அளக்கும்போது பக்கத்தில் அவன் கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும் இருப்பார்கள். முணுமுணுப்பார்கள், முறைப்பார்கள், பயப்படுவார்கள். அதனால்தான் அந்தச் சவடால் நமக்கு ருசித்தது. இங்கே லூதர் அளந்தால் பதிலுக்கு பிளாக் ஆடம் அளக்கிறான், கேட்பதற்கு ஆளே இல்லை.

லூதர் ரசிகன்:
ஆளே இல்லையா? பிசாரோ யார்? முழுதாக வளர்வதற்கு முன்பே குழாயிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட குளோன், லூதர் அவனை ஒரு கருவியாகத்தான் எழுப்புகிறான், போகப்போக அவன்மேல் ஒரு ஒட்டுதல் வருகிறது, கடைசியில் எர்த்-3இன் லூதரான மஸாஸ் பிசாரோவைக் கொல்லும்போது லூதர் உடைந்துபோகிறான். இந்தத் தொடரின் உயிரே அந்த இரண்டு பேர்தான்.

மான்டாவையும் சொல்கிறேன். நிலா நகர்ந்ததில் கடல் பொங்கி அவன் அப்பாவின் கல்லறையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, அதற்காகத்தான் அவன் லூதரோடு சேர்கிறான். உலகத்தைக் காப்பாற்ற இல்லை, ஒரு கல்லறைக்காக. கோல்ட், சிண்டிகேட்டின் ஃப்ளாஷ் நகலான ஜானி க்விக்கின் காலை உறையவைத்து உடைப்பதும் அவனவன் குணத்துக்குத் தக்க மாதிரியே இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பல்லையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

மைக்கூடு:
பிசாரோவை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. இந்தத் தொடரிலேயே அதிகம் பேசாத பாத்திரம் அவன்தான், உறுமுவான், ஓரிரு சொல் சொல்வான், அவ்வளவு. அவனோடு இருக்கும்போது மட்டும்தான் லூதர் மனிதனாகத் தெரிகிறான். வசனம் குறைந்த இடத்தில் கதை நன்றாக இருக்கிறது என்றால் வசனத்தைப் பற்றி நான் என்ன சொல்ல வேண்டும்?

மான்டா விஷயத்தில் கல்லறை நல்ல யோசனை, ஒத்துக்கொள்ளக் கஷ்டமே இல்லை. ஆனால் அதை அவன் வாயாலேயே விளக்கவும் வைத்துவிடுகிறார் ஜான்ஸ். மூழ்கிய கல்லறையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா? பேட்மேனின் பழைய சீடன் நைட்விங் வருகிற காட்சியும் இதே ரகம். நைட்விங்கின் இதயத்துடிப்போடு இணைத்த வெடிகுண்டை நிறுத்த அவன் இதயத்தையே லூதர் நிறுத்துகிறான், பேட்மேன் வெறி பிடித்து லூதர்மேல் பாய்கிறான், படிக்கிற நமக்கு மூச்சு நிற்கிறது. அந்த நேரத்தில் கைநூல் வாசிக்கிற மாதிரி விளக்கம் வருகிறது.

கட்டம்கட்டி:
வில்லன்கள் பேசிக்கொள்வது எப்படி இருக்க வேண்டும் என்றால் 2005இல் வந்த வில்லன்ஸ் யுனைட்டெடைப் பாருங்கள், கெயில் சிமோன் எழுதியது, பெரும்பகுதி ஓவியம் டேல் ஈகிள்ஷாம். கேட்மேன், டெட்ஷாட், ராக்டால், செஷயர், ஸ்கேண்டல், பாராடீமன் என்கிற ஒரு வேற்றுலகப் படைவீரன். பாதிப் பேரை அதற்கு முன்னால் யாரும் மதித்ததே இல்லை, கேட்மேன் வெறும் கேலிப்பொருள். ராக்டால் வாயைத் திறந்தால் அது ராக்டால் மட்டும்தான் சொல்லக்கூடிய வக்கிரமான ஜோக், வேறு எவன் பலூனிலும் அதைப் போட முடியாது. பாராடீமன் செத்ததும் ராக்டால் அழுகிறபோது நமக்கும் தொண்டை அடைக்கிறது, அவர்கள் இருவரும் நண்பர்கள் என்று யாரும் நமக்கு விளக்கவே இல்லை.

லூதர் ரசிகன்:
அது ஆறு இதழ், பெரிய கதைக்கு ஒரு கிளை. இது டிசி முழுவதையும் தூக்கிச் சுமந்த மையத் தொடர். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? சிண்டிகேட்டை இறக்க வேண்டும், நைட்விங்கின் முகமூடியை உலகத்துக்கு முன்னால் கழற்ற வேண்டும், சிண்டிகேட்டின் கிரீன் லான்டர்ன் நகலான பவர் ரிங்கை சினெஸ்ட்ரோ முடிக்க வேண்டும், கடைசியில் உலகங்களையே அழிக்கிற ஆன்டி-மானிட்டர் வருவதற்கும் வாசலைத் திறந்து வைக்க வேண்டும். இதற்கு நடுவில் நிதானமாக உட்கார்ந்து ஜோக் அடிக்க நேரம் எங்கே?

பழைய லயன்:
நேரம் இல்லை என்பது சரிதான். ஆனால் நேரமில்லாத கதையில் எதற்கு இத்தனை முழுப்பக்கப் படம்? அதில் நாலு பக்கத்தை எடுத்து கோல்டுக்கும் மான்டாவுக்கும் ஒரு சண்டை, வாய்ச்சண்டையைத்தான் சொல்கிறேன், வைத்திருக்கலாமே.

மைக்கூடு:
அதேதான். ஃப்ளாஷ் தொடரில் கேப்டன் கோல்டுக்கு அவ்வளவு அழகாக எழுதிய அதே ஜான்ஸ் இங்கே அவனை ஒரு துப்பாக்கியாக மட்டும் வைத்திருப்பதுதான் எனக்குக் கடுப்பு. எழுதத் தெரியாதவர் எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருப்பேன்.

லூதர் ரசிகன்:
மூடாமல் ஏழையும் இரண்டாவது தடவை படித்திருக்கிறீர்களே தலைவரே, அது யாருக்காக? சரி, வில்லன்ஸ் யுனைட்டெடை நான் ஒருமுறை புரட்டியதோடு சரி, வார இறுதியில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன். ஹெலிகாப்டர் காட்சிக்கு மட்டும் இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.