டல்லாஸ் மச்சானின் 1911க்கு எந்த பேரல்? அப்படியே மாட்டுவதா, ராவிப் பொருத்துவதா?

வேளச்சேரி_25மீ:
டல்லாஸில் இருக்கும் மச்சானிடம் பழைய 1911 பிஸ்டல் ஒன்று இருக்கிறது, .45 காலிபர். பேரல் (குண்டு வெளிவரும் குழல்) தேய்ந்துவிட்டது, மாற்றப் போகிறார். கடையில் மூன்று விதம் சொல்கிறார்களாம்: வாங்கி அப்படியே மாட்டும் டிராப்-இன், கொஞ்சம் ராவினால் உட்காரும் நடுத்தரம், கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) முழுக்க ராவிப் பொருத்தும் ரகம். நான் சுடும் .22 பிஸ்டலில் பேரல் ஃப்ரேமோடு, அதாவது கைப்பிடியுள்ள உடற்பகுதியோடு, அசையாமல் நிற்கும், இந்தத் தலைவலியே கிடையாது. அவருக்கு என்ன சொல்ல?

அம்பத்தூர்_லேத்:
ராவிப் பொருத்துவதுதான். 1911இல் ஒவ்வொரு முறை சுடும்போதும் பேரலின் பின்பக்கம் கீழே இறங்கி மறுபடி ஏறி உட்காருகிறது. குறி பார்க்கும் சைட் இரண்டும் ஸ்லைடில், அதாவது சுடும்போது பின்னே போய் முன்னே வரும் மேல்பகுதியில். அப்படியென்றால் பேரல் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடுக்குள் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். டிராப்-இன் பேரலை எந்த ஸ்லைடிலும் நுழைகிற மாதிரி, ஒரு சுற்று இளைத்தே செய்வார்கள். நுழையும், ஆனால் ஆடும்.

குறிவைப்பவன்:
எவ்வளவு ஆடும் அண்ணா? கணக்கு சொல்லுங்கள்.

அம்பத்தூர்_லேத்:
பேரல் 5 அங்குலம். 25 கஜம் என்றால் 900 அங்குலம், அதாவது 180 மடங்கு. முன்முனையில் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால் டார்கெட்டில் 9 மி.மீ. விலகும். பின்பக்க ஆட்டம் தனி.

குறிவைப்பவன்:
அவ்வளவுதானே! நம் 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்டில் பத்து வளையமே 50 மி.மீ. ஒற்றைக் கையில் சுடுகிறவனின் மணிக்கட்டு இதைவிடப் பல மடங்கு ஆடும். கன்ஸ்மித்துக்குக் கொடுக்கிற கூலிக்கு மச்சான் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுக்கட்டும். பேரலைப் பளபளவென்று மாற்றிவிட்டு ஏழில் சுடுகிற ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று.

அம்பத்தூர்_லேத்:
தம்பி, அங்கே புல்ஸ்ஐ என்கிற டார்கெட் போட்டியில் ஸ்லோ ஃபயர், அதாவது நிதானமாகச் சுடும் சுற்று, 50 கஜத்தில். உன் 9 மி.மீ. அங்கே 18. அதோடு தோட்டாவின் சிதறல், கையின் நடுக்கம் எல்லாம் சேரும். கை தப்பினால் பயிற்சி எடுக்கலாம். துப்பாக்கியின் தப்பை எந்தப் பயிற்சியால் சரிசெய்வாய்?

குறிவைப்பவன்:
மச்சான் 50 கஜத்தில் போட்டி சுடுகிறார் என்று யார் சொன்னது?

வேளச்சேரி_25மீ:
இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போவார், அவ்வளவுதான். எதற்கு வம்பு, வரும்போது பழைய பேரலை எடுத்து வரச் சொல்லட்டுமா? நீங்களே பார்க்கலாம்.

எழும்பூர்_வக்கீல்:
அந்த வேலை மட்டும் வேண்டாம் சார். அமெரிக்க மத்தியச் சட்டப்படி ஃப்ரேம்தான் துப்பாக்கி, பேரல் வெறும் உதிரி. இங்கே 1959 ஆயுதச் சட்டத்தில் உதிரி பாகமும் ஆயுதம்தான். மீனம்பாக்கம் கஸ்டம்ஸில் போய்த் "தேய்ந்த பேரல்தானே" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ரிப்பேர் பார்ப்பதும் குற்றம். லேத் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அம்பத்தூர்_லேத்:
நான் தொடுவதே இல்லை சார். பம்ப் ஷாஃப்ட்டும் புஷ்ஷும்தான் என் பிழைப்பு. உரசும் இடம் தெரிய நீலம் தடவி, மாட்டிக் கழற்றி, மினுக்குகிற இடத்தை மட்டும் ஒரு இழுப்பு ராவி, மறுபடி நீலம். அங்கே கன்ஸ்மித்தும் இதைத்தான் செய்கிறார். ஒரு இழுப்பு கூடினால் பேரல் போச்சு, அதற்குத்தான் அந்தக் கூலி.

குறிவைப்பவன்:
சரி, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். டிராப்-இன் என்றாலும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (தோட்டா பேரலில் சரியான ஆழத்தில் உட்காருமா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது. மாட்டிக்கொண்டது என்பதாலேயே சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வேளச்சேரி_25மீ:
இப்போதுதான் மச்சானிடம் பேசினேன். போன வாரமே டிராப்-இன் வாங்கி மாட்டிவிட்டாராம்!

அம்பத்தூர்_லேத்:
அப்படியா. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஸ்லைடை மூடி, பேரலின் பின்முனையைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். இறங்கினால் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

வேளச்சேரி_25மீ:
லேசாக இறங்குகிறதாம். ஆனால் போன ஞாயிறு வழக்கத்தைவிட நன்றாகச் சுட்டாராம்.

குறிவைப்பவன்:
:)