பெர்சிமிலிஸ் விட்டுப் பத்து நாள் ஆகிறது, இலையில் ஒன்றையும் காணோம்

வெள்ளரிப்பந்தல்:
பசுமைக்குடில் வெள்ளரி. இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திக்காக, அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிற்றுயிரான ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் விட்டேன். அடி இலைகளில் சிலந்தி குறைந்த மாதிரி இருக்கிறது, உச்சியில் வலை கூடிக்கொண்டே போகிறது. இரைவிழுங்கி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பகலில் 33 டிகிரி. மறுபடி விடலாமா, மருந்து அடிக்கலாமா?

இலையடி:
மருந்தைத் தொடாதீர்கள். முதலில் 10 மடங்கு லென்ஸை எடுத்து, அடி இலைகளின் பின்பக்கம் நரம்பை ஒட்டி வலைக்குள் பாருங்கள். செஞ்சிலந்தி முட்டை உருண்டை. பெர்சிமிலிஸ் முட்டை நீள்வட்டம், ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. வளர்ந்தது ஆரஞ்சு நிறம், பேரிக்காய் வடிவம், ஓரிடத்தில் நிற்காமல் ஓடும். சுருங்கிய சிலந்தித் தோல்கள் கிடந்தால் வேட்டை நடந்திருக்கிறது. சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைத்தான் விட்டுவைக்கும்.

பெர்சிமிலிஸ் முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு எதையும் தின்னாது. தோலுரித்து எட்டுக்கால் வந்த பிறகே தீனி. இன்னும் இரண்டு முறை தோலுரித்தால் முழு வளர்ச்சி. 20 டிகிரியில் இதற்கெல்லாம் சுமார் 9 நாள். அதனால் நீங்கள் விட்டவற்றின் அடுத்த தலைமுறை இப்போதுதான் தலைகாட்டும். வளர்ந்த பெண் ஒரு நாளைக்குச் சுமார் 5 பெரிய சிலந்தி, அல்லது 20 முட்டையும் குஞ்சும் தின்னும்.

ஈரக்காற்று:
உச்சியில் சிக்கல் வேறு. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் பெர்சிமிலிஸ் முட்டை பொரியாமல் வற்றிவிடும். 30 டிகிரியைத் தாண்டிக் காற்றும் காய்ந்திருந்தால் செஞ்சிலந்திதான் முந்தும். அந்தச் சூடும் வறட்சியும் சேர்கிற இடம் உச்சி. மதிய வேளையில் பாதையை நனையுங்கள், நிழல்வலை போடுங்கள்.

இன்னொன்று, பெர்சிமிலிஸுக்குக் கண் கிடையாது, இறக்கையும் கிடையாது. சிலந்தி கடித்த இலை விடும் வாசனையைப் பிடித்து நடந்தே போகவேண்டும். செடிக்குச் செடி இலை தொடாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

வெள்ளரிப்பந்தல்:
பார்த்தேன். அடி இலைகளில் நீள்வட்ட முட்டை நிறைய, உச்சியில் இல்லை. இன்னொரு இரைவிழுங்கியான கலிஃபோர்னிகஸ் வாங்கலாமா?

இலையடி:
நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் சூட்டையும் வறட்சியையும் தாங்கும், சிலந்தி கிடைக்காதபோது மகரந்தம், இலைப்பேன் குஞ்சு என்று தின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் பரவிவிட்ட சிலந்தியை வேகமாக அடக்க அது போதாது. சிலந்தி வருமுன் விட்டுவைக்க நல்லது. ஸ்விர்ஸ்கி என்ற இன்னொரு இரைவிழுங்கியும் வேண்டாம், அடர்ந்த வலைக்குள் அதன் வேலை நடக்காது.

இப்போதைக்கு முட்டையுள்ள அடி இலைகளைக் கிள்ளி, உச்சியில் வலை கட்டிய இலைகள்மேல் மாலையில் வையுங்கள். வலை மொத்தமாக மூடிய இலைகளை மட்டும் பையில் போட்டு வெளியேற்றுங்கள்.

ஈரக்காற்று:
கூடுதலாக விடுவதானால், திறப்பதற்கு முன் பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். இவை மேலேறி மூடியடியில் கூடிவிடும், உருட்டாமல் கொட்டினால் முதல் சில செடிகளுக்கே எல்லாம் போய்விடும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அண்மையில் அடித்திருந்தால் விடவே வேண்டாம், அதன் எச்சம் வாரக்கணக்கில் கொல்லும்.